தண்டுவடத்தில் நீர்க்கட்டி என்று ரிப்போர்ட் வந்தால்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

இடுப்பு வலிக்கு ஸ்கேன் எடுக்கப் போவார்கள். அல்லது பைக்கிலிருந்து விழுந்த பிறகு எதற்கும் கழுத்தைப் பார்த்துவிடலாம் என்று போவார்கள். வருகிற ரிப்போர்ட்டில் டிஸ்க் சமாச்சாரங்களுக்கு நடுவே 'சிரிங்ஸ்', 'சிரிங்கோமைலியா', 'ஹைட்ரோமைலியா' என்று ஏதாவது ஒரு வார்த்தை இருக்கும். தண்டுவடத்துக்குள் நீர் தேங்கிய ஒரு குழி இருக்கிறது என்று அர்த்தம். அதில் இருப்பது மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடுகிற அதே தெளிந்த நீர். பெரியவர் ஒருவர் உடம்பில் அந்த நீர் எந்த நேரமும் சுமார் 150 மில்லி இருக்கும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவில் புதிதாகச் சுரந்து, பழையது ரத்தத்தில் கலந்துவிடும். இந்தக் குழி புற்றுநோய் இல்லை. அதை வீட்டில் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கை கால் எல்லாம் சரியாக இருக்கிறவர் இந்த நிலையில் செய்ய வேண்டியது, இன்றைய நிலை என்ன என்பதை முழுதாகவும் துல்லியமாகவும் பதிவு செய்து வைப்பது. நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் ஒப்பிட அது ஒன்றுதான் இருக்கும். கட்டியைக் கரைக்க அலைவதற்கு இதில் வேலையே இல்லை. கீழே வருகிற எல்லாம் அந்தப் பதிவைச் சரியாகச் செய்வதற்கும், அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கும்.

கட்டி எங்கே இருக்கிறது?

முதுகுப் பக்கம் நீர்க்கட்டி என்றாலே எல்லாம் ஒன்றல்ல. தண்டுவடம் சுண்டுவிரல் பருமனில் கழுத்திலிருந்து இறங்கி, இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது எலும்புக்கு (எல்1, எல்2) அருகில் முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புக் கொத்துதான். ஆகவே எல்4, எல்5, எஸ்2 என்று இடம் குறித்திருந்தால் அந்தக் கட்டி தண்டுவடத்துக்குள் இருக்க வழக்கமாக வழியில்லை.

வால் எலும்புக்குச் சற்று மேலே, எஸ்2, எஸ்3 மட்டத்தில் நரம்பு வேரை ஒட்டி வருவது டார்லோவ் கட்டி. எம்.ஆர்.ஐ.-யில் சர்வசாதாரணமாகத் தென்படும். பெரும்பாலும் யாருக்கும் எதுவும் செய்யாது. தண்டுவடத்துக்கு வெளியே, அதன் உறைக்குள் இருந்து பக்கத்திலிருந்து அழுத்தக்கூடியது அராக்னாய்டு கட்டி. மூட்டிலிருந்து புடைத்து வருவது சைனோவியல் கட்டி. அது தேய்மானத்தின் விளைவு. தண்டுவடத்தின் கீழ் நுனியில் மட்டும் சிறு நீர்ப்பை தெரிந்தால், அது பிறவியிலேயே மிச்சம் நிற்கிற ஒரு சிறு அறையாக இருக்கலாம்.

இந்தக் கட்டுரை பேசுவது தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிற குழியைப் பற்றி. தண்டுவடத்தின் நடுவே மயிரிழைபோல ஒரு கால்வாய் எல்லோருக்கும் பிறக்கும்போது இருக்கும். வயதாக ஆக அடைத்துக்கொள்ளும். சிலருக்கு ஒரு பகுதி அடையாமல் நின்றுவிடும். 1, 2 மி.மீ. அகலத்தில், வழவழப்பான ஓரத்தோடு, தண்டுவடத்தைப் பெருக்க வைக்காமல் ஒரு கோடு போலத் தெரியும். தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டவற்றில் இந்த வகையே நிறைய. இதை நோய் என்று சொல்வதைவிட உடம்பின் ஒரு அமைப்பு என்று சொல்வது பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. எம்.ஆர்.ஐ. படத்தைக் கணினி கட்டமைக்கிற விதத்தால் தண்டுவடத்தின் நடுவே இல்லாத கோடு ஒன்று விழும். பக்கவாட்டுப் படத்தில் மட்டும் தெரிந்து, குறுக்கு வெட்டுப் படத்தில் காணாமல் போனால் அது பொய்க்கோடு. ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "குறுக்கு வெட்டிலும் இது தெரிகிறதா?"

ரிப்போர்ட்டில் இருக்க வேண்டியவை

'சிறிய சிரிங்ஸ் உள்ளது' என்ற ஒற்றை வரி போதாது. குழி எந்த எலும்பிலிருந்து எந்த எலும்பு வரை (உதாரணமாக சி6 முதல் டி2 வரை, அதாவது கழுத்தின் ஆறாவது எலும்பு முதல் மேல் முதுகின் இரண்டாவது எலும்பு வரை), அதிக அகலம் எந்த மட்டத்தில், அங்கே எத்தனை மி.மீ., அந்த இடத்தில் தண்டுவடம் பெருத்திருக்கிறதா, ஓரம் வழவழப்பா அல்லது பிசிறா, கான்ட்ராஸ்ட் மருந்து (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றுவது) போட்டிருந்தால் எங்காவது அது ஏறி வெளுத்திருக்கிறதா: இத்தனையும் எழுத்தில் வேண்டும். இல்லையென்றால் ஸ்கேன் சென்டருக்குத் திரும்பப் போய்க் கேட்கலாம். அதே படங்களைப் பார்த்துக் கூடுதல் ரிப்போர்ட் எழுதித் தருவது அவர்களுக்குப் புதிதல்ல. சில நாட்களுக்குள் போனால் வேலை சுலபம்.

அகலம்தான் முக்கியமான எண். நீளம் பயமுறுத்தும், ஆனால் பத்து எலும்பு நீளத்துக்கு ஓடுகிற 2 மி.மீ. கோட்டைவிட, இரண்டு எலும்பு நீளத்தில் 8 மி.மீ. அகலத்துக்கு ஊதி நிற்பதைத்தான் டாக்டர் கவனமாகப் பார்ப்பார்.

ஏன் வந்தது என்று பார்க்காமல் விடக்கூடாது

மெல்லிய கோடு தானாகவே இருக்கலாம். அகலமான குழி பெரும்பாலும் சும்மா வராது. நீர் ஓட்டத்தில் எங்கோ தடை இருக்கும். தேட வேண்டிய இடங்கள் நான்கு.

முதலாவது, மண்டையோடு கழுத்தைச் சந்திக்கிற இடம். சிறுமூளையின் கீழ் நுனி அங்குள்ள துவாரத்தின் வழியே 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் அதை சியாரி முதல் வகை என்பார்கள். குழிக்கு மிகவும் பழகிய காரணம் இதுதான். இருமினாலோ தும்மினாலோ பின்மண்டையில் சட்டென்று வலி வெட்டுவது அதன் அடையாளம். இரண்டாவது, பழைய அடி. தென்னையிலிருந்து விழுந்தது, கரையில் படகு இடித்தது, பைக் விபத்து என்று முதுகெலும்பு முறிந்த வரலாறு இருந்தால் சொல்ல வேண்டும்; குழி மாதங்கள் கழித்தும் வரும், பல ஆண்டுகள் கழித்தும் வரும். மூன்றாவது, தொற்று. மூளைக் காய்ச்சல், குறிப்பாகக் காசநோயால் வந்தது, உறைகளை ஒட்ட வைத்துவிடும். "அது பதினைந்து வருஷத்துக்கு முன்னாடி, சரியாகிவிட்டது" என்று மறைக்கிறவர்கள் உண்டு. டாக்டருக்கு அந்தப் பதினைந்து வருஷத்துச் செய்திதான் வேண்டும். நான்காவது, தண்டுவடத்துக்குள் சிறு கழலை (டியூமர்). அதை ஒட்டி நீர் தேங்கும். கான்ட்ராஸ்ட் போட்டு ஒரு முறையாவது படம் எடுப்பது இதற்காகவே.

ஆகவே முதல் ஸ்கேன் இடுப்புக்கு மட்டும் எடுத்ததாக இருந்தால், அடுத்து பெரும்பாலும் கேட்பது முழு முதுகெலும்பும் மண்டையோட்டுச் சந்தியும் சேர்ந்த எம்.ஆர்.ஐ.; கான்ட்ராஸ்ட் இல்லாமலும் போட்டும். இது வீண் செலவல்ல, ஒப்பிடுவதற்கான அடித்தளம். ஒரு முறை முழுதாக எடுத்துவிட்டால் பிறகு அந்தப் பகுதியை மட்டும் எடுத்தால் போதும்.

எடுக்கப் போகும்போது மெட்டி, கொலுசு, வெள்ளி அரைஞாண்கொடி, தகடு வைத்த தாயத்து, சேஃப்டி பின், ஹேர்பின் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். சோப்பு போட்டு மெட்டியைக் கழற்றப் போராடுவதிலேயே அங்கே அரை மணி போகும். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, எலும்பில் வைத்த பிளேட், கண்ணில் இரும்புத்தூள் பட்ட வரலாறு (பட்டறை, வெல்டிங் ஆட்கள் கவனிக்க) இருந்தால் உள்ளே போவதற்கு முன்பே சொல்ல வேண்டும். கான்ட்ராஸ்ட் போடுவதாக இருந்தால் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்த்த சீட்டு கையில் இருக்கட்டும். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது அவசியம். கர்ப்பமாக இருந்தால் கான்ட்ராஸ்ட் தவிர்ப்பார்கள். முழு முதுகெலும்புக்கு முக்கால் மணிக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டியிருக்கும். அசைந்தால் படம் கலங்கும். கலங்கிய படத்தில் 2 மி.மீ. கோட்டை அளக்க முடியாது. அடைந்த இடம் பயம் என்றால் முன்னாலேயே சொல்லிவிட்டால் மாத்திரை கொடுப்பார்கள்.

வெளியே வரும்போது ஃபிலிம் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். சி.டி. வேண்டும். அடுத்த முறை அளந்து ஒப்பிட உதவுவது அதில் இருக்கிற மூலப்படங்கள்தான்.

எங்கே, யாரைப் பார்ப்பது

எலும்பு டாக்டர் கண்டுபிடித்திருந்தாலும் இதை ஒரு முறை நரம்பியல் டாக்டரோ நரம்பு அறுவை சிகிச்சை டாக்டரோ பார்க்க வேண்டும். கடலூரில் இருப்பவர்கள் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையிலோ தெரிந்த டாக்டரிடமோ ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு ஜிப்மருக்குப் போவது வழக்கம். கடலூரிலிருந்து புதுச்சேரி 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, திண்டிவனம் சாலையில் போகிற பஸ் பிடித்தால் கோரிமேட்டில் ஜிப்மர் வாசல். சிதம்பரம் பக்கத்து ஆட்களுக்கு அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி கிட்டே.

ஓ.பி. பதிவு காலையில்தான். விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினால்தான் அன்றே வேலை ஆகும். பரிந்துரைக் கடிதம், அடையாள அட்டை, சி.டி., ரிப்போர்ட் நகல், சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டு: இவ்வளவும் ஒரே பையில். கடிதம் இல்லாமல் போனால் பொதுப் பிரிவில் ஒரு சுற்று, நரம்பியலில் ஒரு சுற்று என்று நாள் ஓடும். நெரிசலில் டாக்டர் உங்களுக்குக் கொடுக்கிற நேரம் சில நிமிஷங்கள்தான். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

இது அடையாத கால்வாயா, உண்மையான சிரிங்ஸா?
சியாரி இருக்கிறதா? எத்தனை மி.மீ.?
கழலை இல்லை என்று சொல்ல இந்தப் படம் போதுமா?
அடுத்த ஸ்கேன் வேண்டுமா? வேண்டுமென்றால் எப்போது, எந்தப் பகுதி?
எந்த மாற்றம் வந்தால் காத்திருக்காமல் வர வேண்டும்?

பதில்களை ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். அடுத்த முறை வேறு டாக்டர் இருப்பார். அவருக்கும் அது உதவும்.

'அறிகுறி இல்லை' என்பதை உறுதி செய்வது

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், இரண்டு பக்கமும். ஒரு பக்கம், எந்த வலி வந்தாலும் கட்டி மேல் பழி போடுவது. இடுப்பு வலிக்காக எடுத்த ஸ்கேனில் கழுத்துப் பக்கத்தில் 2 மி.மீ. குழி தெரிந்தால், அந்த இடுப்பு வலிக்குக் குழி காரணமாக இருக்க வாய்ப்பே குறைவு. அது சதைப் பிடிப்பு, டிஸ்க், உட்காரும் முறை. அதற்கு உண்டான வைத்தியத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். கட்டியைப் பார்த்த மிரட்சியில் இடுப்பு வலிக்கான பயிற்சியை விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து வலி அதிகமாகி, 'கட்டி வளர்ந்துவிட்டது' என்று வருகிறவர்கள் உண்டு.

இன்னொரு பக்கம், இருக்கிற அறிகுறியே தெரியாமல் இருப்பது. சிரிங்ஸின் தந்திரம் அது. சூடு, குளிர், வலி ஆகியவற்றைச் சொல்லும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுவே குறுக்காகக் கடந்து மறுபக்கம் போகின்றன. நடுவில் குழி விரிந்தால் முதலில் அடிபடுவது அவைதான். தொடு உணர்ச்சி வேறு பாதையில் போவதால் அது அப்படியே இருக்கும். தொட்டால் தெரியும், சுட்டால் தெரியாது. தோளில் துண்டு போட்டால் மூடுகிற இடங்கள், அதாவது இரண்டு தோள், மேல் முதுகு, கைகள், இவற்றில்தான் வழக்கமாகத் தொடங்கும். ஆகவே 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்வதற்கு முன் கைகளைத் திருப்பிப் பாருங்கள். எப்போது வந்தது என்று நினைவில்லாத சூட்டுத் தழும்பு இருக்கிறதா? தோசைக்கல் பட்டது, இஸ்திரிப் பெட்டி பட்டது, சைலன்சர் பட்டது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்ததா? பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள் விரலில் கொட்டை எண்ணெய் பட்டுத் தோல் உரிவது அன்றாடம். அந்த எரிச்சல் ஒரு கையில் மட்டும் குறைந்துபோயிருந்தால் அதைப் 'பழகிவிட்டது' என்று தள்ளக்கூடாது.

டாக்டர் பஞ்சு, குண்டூசி, குளிர்ந்த டியூனிங் ஃபோர்க் வைத்து உணர்ச்சி பார்ப்பார். சுத்தியல் போட்டு அனிச்சைத் துடிப்பு பார்ப்பார். கைச்சதை, நடை, முதுகு வளைவு பார்ப்பார். இந்தச் சோதனை முடிவு எழுத்தில் இருப்பது ஸ்கேன் அளவுக்கு முக்கியம்.

இதே அறிகுறிகளைத் தருகிற வேறு சிலவும் உண்டு. அவற்றை விட்டுவிட்டுக் கட்டியைக் குற்றம் சொல்லக் கூடாது. இரவில் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கம். இரண்டு பாதமும் மரத்து எரிந்தால் பெரும்பாலும் சர்க்கரை நோய் அல்லது பி12 வைட்டமின் குறைவு. சூடு தெரியாமல் புண் வருவதோடு, நிறம் வெளுத்த உணர்ச்சியற்ற தேமலும் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்து, மருந்தும் இலவசமாகக் கொடுப்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தாமதம்தான் விரலைக் கொண்டுபோகும்.

வீட்டில் செய்துகொள்ளும் சோதனை

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். தினமும் செய்தால் இல்லாத மரப்பும் இருப்பதாகத் தோன்றும்.

இரண்டு எவர்சில்வர் டம்ளர். ஒன்றில் பானைத் தண்ணீர், மற்றதில் குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவு வெதுவெதுப்பான தண்ணீர். சூட்டைச் சோதனை செய்யப்படுகிறவர் பார்க்கக் கூடாது, வேறொருவர் தன் கையில் ஊற்றிப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதுதான் பாதுகாப்பு. கண்ணை மூடி உட்கார்ந்ததும், வீட்டு ஆள் டம்ளரின் வெளிப்பக்கத்தைப் புறங்கை, முன்கை, தோள், மேல் முதுகு, மார்பு என்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இரண்டு நொடி வைத்து "சூடா, குளிர்ச்சியா?" என்று கேட்க வேண்டும். ஒரு முறை தவறாகச் சொன்னால் பொருட்டில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறினால், அல்லது இடது வலது வித்தியாசம் தெளிவாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கை. இரண்டு புறங்கைகளையும் பக்கத்தில் வைத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை ஒரு பக்கம் மட்டும் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை அதே வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுத்து வைத்தால் கண்ணை நம்ப வேண்டியதில்லை. பழகிய நுணுக்க வேலைதான் நல்ல அளவுகோல்: பூ கட்டுகிறவருக்கு முழம் கட்டும் வேகம், வலை பின்னுகிறவருக்கு முடிச்சு, மற்றவர்களுக்குச் சட்டைப் பொத்தான்.

நடையில் கவனிக்க வேண்டியவை: ஹவாய் செருப்பு காலை விட்டுக் கழன்றது தெரியாமல் நடப்பது, முகம் கழுவக் கண்ணை மூடியதும் தள்ளாடுவது, படியிறங்கும்போது கால் விறைப்பது. சிறுநீர் வர முக்க வேண்டியிருப்பதும், அடக்க முடியாமல் போவதும் புதிதாக வந்தால் சோதனை நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கால்கள் சட்டென்று பலமிழந்தாலோ, சிறுநீர் முழுதாக நின்றுபோனாலோ, உட்காரும் இடத்தில் உணர்ச்சி போனாலோ, குரல் மாறி விழுங்கக் கஷ்டமானாலோ அது ஓ.பி. வேலை இல்லை. 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மறு ஸ்கேன்

எல்லோருக்கும் ஒரே அட்டவணை கிடையாது. பொதுவாக நடப்பது இது: முதல் கண்டுபிடிப்புக்குப் பின் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் ஒன்று. மாற்றமில்லை என்றால் இடைவெளியை ஓரிரு வருஷமாக நீட்டுவார்கள். அப்புறம் அறிகுறி வந்தால் மட்டும். சியாரி இல்லாத, 2 மி.மீ. மெல்லிய கால்வாய்க்கு மறு ஸ்கேனே வேண்டாம் என்று சொல்கிற டாக்டர்களும் உண்டு. அது அலட்சியம் அல்ல. சியாரியோ பழைய அடியோ இருந்தால் கவனிப்பு நீளும்.

முடிந்தவரை அதே சென்டர், அதே இயந்திரம். காந்த பலம் 1.5 டெஸ்லா உள்ள இயந்திரத்தில் ஒன்றும் 3 டெஸ்லாவில் ஒன்றும் எடுத்து, வெட்டுகளின் தடிமனும் வேறாக இருந்தால் 3 மி.மீ., 4 மி.மீ. என்று எண் மாறும். குழி மாறியிருக்காது, அளவுகோல் மாறியிருக்கும். அரை மி.மீ., ஒரு மி.மீ. வித்தியாசத்துக்கு அழுவதற்கு முன், பழைய சி.டி.யையும் புதியதையும் ஒரே ஆள் ஒரே மட்டத்தில் அளந்தாரா என்று கேளுங்கள்.

அன்றாட வேலைகள்

மெல்லிய, காரணமில்லாத குழிக்குக் கட்டுப்பாடு ஏறக்குறைய எதுவும் இல்லை. கடற்கரைச் சாலையில் நடக்கலாம், சில்வர் பீச்சில் ஓடலாம், நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம், விமானத்தில் போகலாம். அகலமான குழியோ சியாரியோ இருந்தால், மூச்சை அடக்கி முக்குகிற வேலைகளைக் குறைக்கச் சொல்வார்கள். முக்கும்போது நெஞ்சிலும் வயிற்றிலும் ஏறுகிற அழுத்தம் முதுகுக்குள் இருக்கிற நீரையும் தள்ளும். நிரம்பிய சமையல் கேஸ் சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. அதைத் தனியாகத் தூக்காமல் உருட்டுவதோ இரண்டு பேர் பிடிப்பதோ நல்லது. ஐஸ் பெட்டி, வலை மூட்டை தூக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். மலச்சிக்கலும் நாள்பட்ட இருமலும் இதே கணக்கில் வரும். அகலமான குழியோ சியாரியோ உள்ளவர்களுக்குப் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் போகிற எண்ணம் இருந்தால் முன்னதாக நரம்பியல் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். அங்கே நிரப்பச் சொல்லும் உடல்நலப் படிவத்தில் மறைக்கக் கூடாது.

சலூனில் முடிவெட்டி முடித்ததும் "ஒரு சொடக்கு எடுத்து விடட்டுமா அண்ணே?" என்று கேட்டுக் கழுத்தைத் திருப்புவார்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழுத்தை வெடுக்கென்று திருப்புவது கட்டி இல்லாதவருக்கே நல்லதல்ல. கழுத்து ரத்தக்குழாய் கிழிய வழியுண்டு. முதுகில் ஏறி மிதிப்பது, தலைகீழாகத் தொங்க விடுவது, நாட்டு வைத்தியத்தில் கழுத்து இழுப்பது எல்லாம் அதே வகை. எண்ணெய் தேய்த்து லேசாக நீவுவதில் தப்பில்லை.

தீமிதி இந்தப் பக்கத்துத் திரௌபதை அம்மன் கோயில்களில் பெரிய விசேஷம். காப்புக் கட்டியவரை வேண்டாம் என்று சொல்வது வீட்டில் சண்டையில்தான் முடியும். ஆனால் காலிலோ கையிலோ சூட்டுணர்ச்சி குறைந்திருக்கிறது என்று சோதனையில் தெரிந்தவர் குண்டத்தில் இறங்கக் கூடாது. நெருப்பிலிருந்து காலை வேகமாக எடுக்க வைப்பது அந்தச் சூட்டுணர்ச்சிதான். வேண்டுதலைப் பால்குடமாகவோ வேறு விதமாகவோ மாற்றிக்கொள்ளக் கோயில் பெரியவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

மருந்து, ஆபரேஷன்

கட்டியைக் கரைக்கிற மாத்திரை, லேகியம், கஷாயம் எதுவும் நிரூபிக்கப்பட்டதாக இல்லை. நீர் பிரிகிற மாத்திரை சாப்பிட்டால் தண்டுவடத்து நீர் வற்றும் என்று கடையில் வாங்கிச் சாப்பிட்டு, பொட்டாசியம் குறைந்து தளர்ந்துபோவதுதான் மிச்சம். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாலும் குழி சுருங்காது.

அறிகுறி இல்லாத, மாறாத குழிக்கு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்கிற கதையாகிவிடும்: குழிக்குள் குழாய் வைப்பது தண்டுவடத்தையே கீறிச் செய்கிற வேலை, வைத்த குழாய் பிறகு அடைத்துக்கொள்வதும் உண்டு. அறிகுறி தொடங்கினால், அல்லது குழி பெருத்துக்கொண்டே போனால் கதை வேறு. அப்போதும் முடிந்தவரை குழியை விட்டுவிட்டுக் காரணத்தைத்தான் சரி செய்வார்கள். சியாரி என்றால் பின்மண்டைத் துவாரத்தை அகலப்படுத்தினால் பலருக்குக் குழி தானாகச் சுருங்குகிறது. போன உணர்ச்சி முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. மாற்றத்தைச் சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்று இத்தனை தூரம் சொல்வது அதனால்தான்.

குழந்தைகளுக்குக் கண்டுபிடிக்கப்பட்டால் இந்தக் கட்டுரையின் நிதானம் அப்படியே பொருந்தாது. முதுகு வளைவு, இடுப்புக்குக் கீழே முடிக்கற்றை அல்லது குழி, வளர வளர மாறும் நடை இருந்தால் சீக்கிரமே நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும்.

மயக்க மருந்து, பிரசவம், இன்சூரன்ஸ்

எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஹெர்னியா, அப்பென்டிக்ஸ் என்று சின்னதாக இருந்தாலும். முதுகில் ஊசி போடுவதா, முழு மயக்கமா என்று அவர் முடிவு செய்ய இது தேவை. சியாரி இருப்பவருக்கு முதுகிலிருந்து நீர் எடுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கர்ப்பிணிகள் ஏழாவது மாதத்துக்குள் மகப்பேறு டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, நரம்பியல் டாக்டரின் கருத்தை எழுத்தில் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். வலி எடுத்த பிறகு டேபிளில் படுத்துக்கொண்டு சொல்கிற செய்தி இல்லை இது. சிறு குழி மட்டும் உள்ளவர்களுக்குச் சுகப்பிரசவத்துக்கு வழக்கமாகத் தடை சொல்வதில்லை. கல்யாணப் பேச்சில் கேட்பார்கள்: காரணமில்லாத மெல்லிய குழி பரம்பரையாக இறங்குகிற நோயாகக் கருதப்படுவதில்லை. சியாரி மட்டும் சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு வருகிறது.

தனியார் மருத்துவக் காப்பீடு புதிதாக எடுப்பவர்கள் படிவத்தில் இதை எழுத வேண்டும். எழுதினால் முன்பே உள்ள நோய் என்று காத்திருப்புக் காலம் போடுவார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிப்படி அது அதிகபட்சம் 36 மாதம். மறைத்தால், பின்னால் கிளெய்ம் போடும்போது பழைய ஸ்கேன் தேதியை வைத்து முழுதாக மறுக்க இடம் கொடுத்ததாகும். ஏற்கனவே பாலிசி இருந்தால் அதை விட்டுவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். அரசுக் காப்பீட்டில் தமிழ்நாட்டு அட்டை வேறு, புதுச்சேரி அட்டை வேறு. கடலூர் அட்டையோடு புதுச்சேரித் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள், அங்கே அது செல்லுமா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கடைசியாகக் காகிதம். தானே புயல் 2011-இலும் ஃபெஞ்சல் புயல் 2024-இலும் வந்தபோது இந்தக் கரையில் எத்தனை வீட்டு அலமாரி நனைந்தது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சி.டி. கீறினாலோ பாழானாலோ படிக்காமல் போகலாம். வாங்கிய வாரமே அதிலுள்ள கோப்புகளை அப்படியே ஒரு பென் டிரைவிலும் ஆன்லைன் சேமிப்பிலும் ஏற்றிவிடுங்கள். பிரவுசிங் சென்டரில் செய்து தருவார்கள். ஃபிலிமைச் செல்போனில் படம் எடுத்து வைப்பது அளப்பதற்கு உதவாது; மூலக்கோப்புகள் வேண்டும். ஓ.பி. சீட்டு, ரிப்போர்ட், வீட்டுச் சோதனைக் குறிப்பு மூன்றையும் தேதி வரிசையில் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் தட்டில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கிற இடம் தெரியட்டும்.